3,210 மீட்டர் உயரத்தில் ஒரு சந்தேக மரணம்

இத்தாலியின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது போல்ஸானோ. தெருப் பலகை, பேருந்து அட்டவணை, மருந்துக்கடைப் பெயர் எல்லாமே இரண்டு மொழிகளில். முதல் உலகப்போர் முடிந்து 1919-இல் ஒப்பந்தம் எழுதும்வரை இது ஆஸ்திரியாவின் மண். இந்த மாநிலத்தில் இன்றும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் பேசுவது ஜெர்மன்தான். வெயில் நேரத்தில் நிழல் தரும் வளைவுக் கூரைக் கடைத்தெரு, ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள், அவற்றுக்கு மேலே மொட்டைப் பாறைச் சிகரங்கள் என்று கண் நிறையக் காட்சிகள் உண்டு. நான் போனது இவற்றுக்காக அல்ல. ஒரு காலத்தில் வங்கியாக இருந்த கட்டடத்தில் இப்போது தொல்லியல் அருங்காட்சியகம் நடக்கிறது. அங்கே இருக்கும் ஒரு மனிதரைப் பார்க்கப் போனேன். அவர் கொல்லப்பட்டு ஏறத்தாழ 5,300 ஆண்டுகள் ஆகின்றன.

இருட்டாக்கப்பட்ட ஒரு மூலையில் சுவரில் ஒரு சன்னல். 40 சென்டிமீட்டர் அகலம், அதே உயரம். முன்னால் சிறிய வரிசை. முறை வந்தவர் கொஞ்சம் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு விலகுகிறார். யாரும் உரக்கப் பேசுவதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைனஸ் 6 டிகிரி குளிர். காற்றின் ஈரப்பதம் 99 விழுக்காட்டை ஒட்டி. இந்த அறை பழுதானால் மாற்றிவிட இன்னொரு குளிர் அறை தயாராக இருக்கிறது. உடம்பு படுத்திருக்கும் மேசை அதன் எடையை ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. ஈரம் ஆவியாகி எடை குறையக்கூடாது என்பதற்காக, குறிப்பிட்ட இடைவெளியில் கிருமி நீக்கிய தண்ணீரை மேலே தெளிக்கிறார்கள். அது உறைந்து மெல்லிய பனித்தோலாகப் படிகிறது. அந்தப் பளபளப்புக்கு அடியில் பழுப்பேறிய தோல், விலா எலும்புகளின் வரிசை, குழிந்த கண்கள். இடது கை கழுத்துக்குக் கீழே உடம்பைக் குறுக்காகத் தாண்டி வலப்பக்கம் நீட்டியிருக்கிறது. அந்தக் கைதான் என்னை நகரவிடாமல் நிறுத்தியது. பின்னால் நிற்பவர்களுக்காக விலகிக்கொண்டு, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

உயிரோடு இருந்தபோது உயரம் சுமார் 160 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 50 கிலோ. இப்போது 13 கிலோ. வயது 45-ஐ ஒட்டி. உலகம் அவரை ஓட்ஸி என்று அழைக்கிறது. உடல் கிடைத்த ஓட்ஸ்டால் மலைத்தொடரின் பெயரைச் சுருக்கி ஒரு வியன்னா பத்திரிகையாளர் வைத்த பெயர் அது. அவருடைய தாய் வைத்த பெயர் நமக்குத் தெரியப்போவதில்லை.

1991 செப்டம்பர் 19. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்திலிருந்து வந்த எரிகா, ஹெல்முட் சீமோன் தம்பதி, ஒரு சிகரம் ஏறிவிட்டு இறங்கும் வழியில் குறித்த பாதையை விட்டுக் குறுக்கே நடந்தார்கள். பாறைப் பள்ளத்தில் தேங்கிய உருகுநீரில் ஒரு மனித முதுகும் தலையும் தெரிந்தன. அந்த ஆண்டு வசந்தத்தில் சஹாராப் பாலைவனத்துப் புழுதி காற்றில் வந்து ஆல்ப்ஸ் பனியின்மேல் படிந்திருந்தது. புழுதி படிந்த பனி வெயிலை அதிகமாக வாங்கும், சீக்கிரம் உருகும். அதே கோடையில் வேறு சில மலையேறிகளின் உடல்களும் பனியாறுகளிலிருந்து வெளிவந்திருந்தன. ஆகவே இதுவும் அப்படி ஒரு விபத்து என்றுதான் போலீஸ் நினைத்தது.

மறுநாள் காற்றழுத்தத் துளைப்பான் கொண்டு பனியை உடைக்கப் பார்த்தார்கள். அது உடலின் இடது இடுப்பைக் கிழித்தது. பிறகு வானிலை கெட்டது, வேலை நின்றது. 23-ஆம் தேதி இன்ஸ்ப்ரூக் சட்ட மருத்துவத் துறையிலிருந்து ரைனர் ஹென் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். கையில் கிடைத்த பனிக்கோடரியும் பனிச்சறுக்குக் கம்பும் வைத்துச் சுற்றிலும் கொத்தி உடலை எடுத்தார்கள். அதன் காணொளி இன்றும் இருக்கிறது. பார்க்க மனம் பதைக்கிறது. ஆனால் அந்த மனிதர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மலையில் காணாமல் போன யாரோ ஒருவரின் குடும்பத்துக்கு அவரைத் திருப்பிக் கொடுக்கத்தான் அவர்கள் போனார்கள். அடுத்த நாள் தொல்லியலாளர் கொன்ராட் ஷ்பிண்ட்லர் பிணவறைக்கு வந்து, உடலோடு கிடைத்த கோடரியைப் பார்த்தார். குறைந்தது 4,000 ஆண்டு என்றார். கார்பன் காலக்கணிப்பு அதையும் தாண்டிப் போனது: கி.மு. 3350-க்கும் 3100-க்கும் இடையில்.

அதற்குப் பிறகுதான், அவர் கிடந்தது ஆஸ்திரியாவிலா இத்தாலியிலா என்ற எல்லைக் கேள்வி எழுந்தது. அளந்தார்கள். உடல் கிடந்த இடம் எல்லைக் கோட்டிலிருந்து 92.56 மீட்டர் இத்தாலிக்குள். 1998-இல் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து போல்ஸானோவுக்கு அவரைக் கொண்டுவந்தார்கள்.

அடுத்த தளங்களில் அவருடைய உடைமைகளைத் தனித்தனிக் கண்ணாடிப் பேழைகளில் வைத்திருக்கிறார்கள். காட்சிப்பொருள் என்று சொல்ல வாய் வரவில்லை. இறந்தவர் உடம்போடு கைப்பற்றிய பொருள்கள் என்று போலீஸ் எழுதுமே, அப்படித்தான் ஒவ்வொன்றையும் பார்த்தேன். கரடித்தோல் குல்லாய். ஆட்டுத்தோல்களைப் பட்டை பட்டையாக வெட்டித் தைத்த மேலங்கி. புல் திணித்த காலணி. மேப்பிள் இலை சுற்றிய கரித்துண்டை அணையாமல் எடுத்துப்போக பூர்ச்சமரப் பட்டையில் செய்த கலம். ஆஷ் மரக் கைப்பிடி போட்ட கற்கத்தி. 1.82 மீட்டர் நீளத்தில் யூ மரத்து வில், இன்னும் இழைத்து முடியாதது. தூணியில் 14 அம்புகள். அவற்றில் முனை பொருத்தியவை இரண்டே இரண்டு. கடைசியாக அந்தக் கோடரி: செம்பு அலகு, கைப்பிடி முழுசாக. 2017-இல் வெளியான ஆய்வில் அந்தச் செம்பின் தாது தெற்கு டஸ்கனியிலிருந்து வந்தது என்று தெரிந்தது. பல நூறு கிலோமீட்டர் தெற்கே வெட்டிய உலோகம் அது. அந்தக் காலத்தில் அதை வைத்திருந்தவர் சாதாரண ஆள் இல்லை.

முடியாத வில்லையும் முனை போடாத அம்புகளையும் பார்த்துக்கொண்டே நிறைய நேரம் நின்றேன். கையில் பயன்படும் வில் இல்லாமல் மலைக்கு மேலே போயிருக்கிறார். புது வில் செய்துகொண்டே போயிருக்கிறார். பழைய வில் என்ன ஆயிற்று?

பத்து ஆண்டுகள்வரை இது கொலை வழக்காகவே இல்லை. களைத்த ஒரு மனிதர் பனிப்புயலில் மாட்டி உறைந்து இறந்தார் என்று புத்தகங்கள் எழுதின. இன்ஸ்ப்ரூக்கில் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள், சி.டி. ஸ்கேனும் எடுத்திருந்தார்கள். 2001 ஜூனில், போல்ஸானோ மருத்துவமனையின் கதிரியக்க மருத்துவர் பவுல் கோஸ்ட்னர் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது இடது தோளில் எலும்பைவிட அடர்த்தியான ஒரு நிழல் தெரிந்தது. முக்கோண வடிவம். சிக்கிமுக்கிக் கல்லில் செய்த அம்பு முனை, சுமார் இரண்டு சென்டிமீட்டர். பின்னாலிருந்து வந்து தோள்பட்டை எலும்பைத் துளைத்து உள்ளே நின்றிருக்கிறது. உடலைப் பாதுகாக்கும் பொறுப்பிலிருந்த நோய்க்கூற்றியல் மருத்துவர் எடுவார்ட் எகார்ட்டர் ஃபீகல் முதுகுத் தோலைத் தேடிப் பார்த்து, அம்பு நுழைந்த சின்னக் காயத்தையும் கண்டுபிடித்தார்.

அருங்காட்சியகத்தில் அந்த எக்ஸ்ரே படத்தின் முன் நிற்கும்போது யாருக்கும் உடனே தெரிகிறது, அந்த நிழல். சொன்ன பிறகு தெரிகிறது. அதற்கு முன் எத்தனையோ தேர்ந்த கண்கள் அந்தத் தோளைப் பார்த்திருக்கின்றன. விபத்து என்று முடிவு செய்துவிட்ட பிறகு ஒரு உடம்பைப் பார்ப்பது வேறு, எப்படி இறந்தாய் என்று கேட்டுக்கொண்டே பார்ப்பது வேறு. நம் ஊர்களிலும் அவசரமாக மூடிய எத்தனை மரணங்கள் இப்படித்தான் மூடப்பட்டிருக்கும் என்ற எண்ணம் அந்தப் படத்தின் முன் எனக்கு வந்தது.

2005-இல் இன்னும் நுட்பமான சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், 2007-இல் முடிவு வெளியானது. காறை எலும்புக்கு அடியில் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியை அம்பு கிழித்திருக்கிறது. சுவரில் 13 மில்லிமீட்டர் கிழிசல். சுற்றிலும் ரத்தம் கட்டிய தடம். இன்று ஒருவருக்கு அந்த இடத்தில் அப்படிக் காயம் பட்டாலும் மருத்துவமனை எட்டுவதற்குள் உயிர் போய்விடும் அபாயம் மிகப் பெரிது. 2012-இல் ஆல்பர்ட் ட்ஸிங்க் தலைமையிலான குழு அந்தக் காயத்தில் சிவப்பணுக்களையே நுண்ணோக்கியில் கண்டது. கூடவே ஃபைப்ரின் என்ற புரதத்தின் தடம். காயம் பட்டதும் ரத்தத்தை உறையவைக்க உடம்பு உண்டாக்கும் பொருள் அது. சிறிது நேரத்தில் கரைந்துபோய்விடும். கரையவில்லை என்றால், கரைக்க உடம்புக்கு நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். அம்பு பட்டுச் சீக்கிரமே இறந்திருக்கிறார்.

மேலே ஏறிப் பார்க்காமல் ஊர் திரும்ப எனக்கு மனமில்லை.

போல்ஸானோவிலிருந்து ரயிலில் மெரானோ போய், அங்கிருந்து வின்ஷ்காவ் பள்ளத்தாக்கு ரயிலில் மேற்கே. இரண்டு பக்கமும் ஆப்பிள் மரங்கள், வரிசை பிசகாமல். ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கின் வாயிலில் இறங்கிப் பேருந்து. பாறைமேல் யுவால் கோட்டை நிற்கிறது, மலையேறி ரைன்ஹோல்ட் மெஸ்னரின் கோட்டை. 1991-இல் உடல் இன்னும் பனியில் சிக்கியிருந்தபோதே அதைப் போய்ப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். கோட்டைக்குக் கீழே சாலை ஒரு குறுகிய பிளவுக்குள் நுழைகிறது.

இங்கேதான் பேருந்து சன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தேன். மரங்களுக்காக.

இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் க்ளாவுஸ் ஓக்ல் இந்த வழக்கில் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. ஓட்ஸியின் குடலிலிருந்து எடுத்த சிறு துளி மாதிரிகளில் அவர் மகரந்தத் துகள்களைத் தேடினார். ஹாப் ஹார்ன்பீம் என்ற மரத்தின் மகரந்தம் கிடைத்தது. இந்த மரம் வெப்பமான அடிவாரத்தில் மட்டும் வளரும், வசந்தத்தில் பூக்கும். துகளுக்குள் இருக்கும் செல் பொருள் சீக்கிரம் அழிந்துவிடும் தன்மை உடையது. இதில் அது அழியாமல் இருந்தது. ஆகவே பூத்த சூட்டோடு, தண்ணீரிலோ உணவிலோ விழுந்த மகரந்தத்தை அவர் விழுங்கியிருக்கிறார். இலையுதிர் காலத்துப் பனிப்புயல் என்ற கதை அந்த ஒரு துகளில் முடிந்தது. அவர் இறந்தது வசந்தத்தின் கடைசியில் அல்லது கோடைத் தொடக்கத்தில்.

அதோடு விடவில்லை ஓக்ல். குடலின் கடைசியில் இருப்பது முதலில் விழுங்கியது; மேலே போகப்போக அண்மையில் விழுங்கியது. அந்த வரிசையில் மகரந்தத்தைப் படித்தார். முதலில் உயரத்து ஊசியிலைக் காடுகளின் மகரந்தம். அதன் பிறகு அடிவாரத்து ஹார்ன்பீம். அதன் பிறகு மறுபடி ஊசியிலைக் காடு. இறப்பதற்கு முந்தைய ஏறத்தாழ ஒன்றரை நாளில் இந்த மனிதர் உயரத்திலிருந்து அடிவாரத்துக்கு இறங்கி, மறுபடி மேலே ஏறியிருக்கிறார். பாசிகளை ஆராய்ந்த கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் டிக்சனும், அவரோடு இருந்த தாழ்நிலப் பாசி தெற்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கைத்தான் காட்டுகிறது என்றார். பல் எனாமலில் பதிந்த தனிமங்களை அளந்தவர்கள் அவர் சிறுவயதில் ஐஸாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வளர்ந்திருக்கலாம் என்றும், பெரியவரான பின் வின்ஷ்காவ் பக்கம் வாழ்ந்திருக்கிறார் என்றும் சொல்கிறார்கள். நான் ரயிலில் கடந்துவந்த அதே பள்ளத்தாக்கு.

பேருந்து வளைந்து வளைந்து ஏறியது. அகன்ற இலை மரங்கள் குறைந்தன. ஸ்ப்ரூஸ் வந்தது, லார்ச் வந்தது. அவர் குடலுக்குள் எழுதியிருந்த வரிசை வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தது. தடயவியல் அறிக்கை ஒன்றை நிலப்பரப்பாகவே வாசிக்கிற வாய்ப்பு எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு பள்ளிக்கூடப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

ஃபெர்னாக்ட் ஊரில் அணைக்கட்டு ஏரி. கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,700 மீட்டர். அங்கிருந்து சிமிலாவுன் மலைவிடுதி 3,019 மீட்டரில். ஆயிரத்து முந்நூறு மீட்டர் ஏற்றம். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெண்மணி அதே பள்ளத்தாக்கில் பிறந்தவர். முதல் மணி நேரத்திலேயே என் மூச்சைக் கேட்டுவிட்டு, நடையை எனக்காகக் குறைத்துக்கொண்டார். பண்ணை வீடுகள் முடிந்தன, லார்ச் மரங்கள் முடிந்தன, புல்லும் முடிந்து கற்குவியல் தொடங்கியது. வழியெல்லாம் ஆட்டுப் புழுக்கை. ஒவ்வொரு ஜூனிலும் இந்தப் பள்ளத்தாக்கு மக்கள் ஆயிரக்கணக்கான ஆடுகளை இந்தக் கணவாய்கள் வழியே பனியைத் தாண்டி ஆஸ்திரியப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிப் போகிறார்கள். செப்டம்பரில் திரும்ப அழைத்து வருகிறார்கள். நாடுகளுக்கு நடுவே எல்லை போட்ட பிறகும் மேய்ச்சல் உரிமை பழையபடி நீடிக்கிறது. 2019-இல் இந்த வழக்கத்தை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

"எல்லாரும் அவர் ஏன் இவ்வளவு உயரத்துக்கு வந்தார் என்று கேட்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி யாரும் கேட்பதில்லை. இது வழி. எப்போதும் வழியாகத்தான் இருந்திருக்கிறது" என்றார் வழிகாட்டி.

விடுதியில் சூடான ரசத்தில் மிதக்கும் ரொட்டி உருண்டையும், புகையில் உலர்த்திய பன்றி இறைச்சித் துண்டுகளும் கொடுத்தார்கள். மலைக்குளிரில் கொழுப்பு எவ்வளவு இனிக்கிறது என்பது அந்த உயரத்தில்தான் நாக்குக்குத் தெரிகிறது. ஓட்ஸியின் இரைப்பை எங்கே இருக்கிறது என்பதே பல ஆண்டுகள் புலப்படாமல் இருந்தது. உடம்பு சுருங்கியபோது அது மேலே, விலா எலும்புகளுக்கு அடியில் ஒதுங்கியிருந்தது. 2009-இல் கோஸ்ட்னர் ஸ்கேன் படங்களில் அதை அடையாளம் கண்டார். வயிறு நிரம்பியிருந்தது. 2010 நவம்பரில் உடலைச் சில மணி நேரம் மட்டும் பனி நீங்கவிட்டு, பல துறையினர் ஒரே மேசையைச் சுற்றி நின்று மாதிரிகள் எடுத்தார்கள். முழு முடிவு 2018-இல் வந்தது: மலையாட்டின் இறைச்சியும் கொழுப்பும், செம்மான் இறைச்சி, ஐன்கார்ன் என்ற பழைய கோதுமை, சிறிது பெரணி. உள்ளே இருந்ததில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. இறைச்சியில் அதிகச் சூடு பட்ட அடையாளம் இல்லை, உலர்த்தியதாக இருக்கலாம்.

இந்தச் சாப்பாடுதான் வழக்கின் திருப்பம் என்று நினைக்கிறேன். இறப்பதற்கு அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறார். உயிருக்குப் பயந்து ஓடுகிறவர் மலைமேல் உட்கார்ந்து அப்படிச் சாப்பிடமாட்டார்.

விடுதியிலிருந்து டீசன்யோக் கணவாய்க்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். பனித்திட்டு, உடைந்த பாறை, சில இடங்களில் கைபிடிக்கக் கட்டிய கம்பி. 3,210 மீட்டரில் கல்லால் கட்டிய நினைவுத் தூண் ஒன்று நிற்கிறது. உடல் கிடந்த பள்ளம் அதிலிருந்து கொஞ்சம் தள்ளி. பாறைகளுக்கு நடுவே சுமார் நாற்பது மீட்டர் நீளத்துக்கு ஓடும் தாழ்வு. ஒரு ஆள் நின்றால் மறையும் ஆழம். பனியாறு நகரும்போது அடியில் இருப்பதையெல்லாம் அரைத்துக்கொண்டு போகும். இந்தப் பள்ளத்தின் பாறைச் சுவர்தான் அவரைக் காப்பாற்றியது என்று நீண்ட காலம் நம்பினார்கள். 2022-இல் பனியாற்றுத் தொல்லியலாளர்கள் சிலர் அதை மறுத்து எழுதினார்கள்: அவர் பக்கத்தில் பனிமேல் விழுந்து இறந்தார், பின்னால் பனி உருகியபோது பொருள்களோடு இந்தப் பள்ளத்துக்குள் சரிந்து வந்தார் என்று. அது சரியானால், எது எந்த இடத்தில் கிடந்தது என்பதை வைத்துச் சொன்ன பழைய முடிவுகள் பலவற்றைத் திரும்ப யோசிக்க வேண்டும். குற்றம் நடந்த இடமே கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது.

பள்ளத்தின் விளிம்பில் நின்று நான்கு பக்கமும் பார்த்தேன். எங்கிருந்து எய்திருப்பான்? அருங்காட்சியகம் இந்தக் கேள்வியை ஒரு உண்மையான போலீஸ்காரரிடமே கொண்டுபோனது. ம்யூனிக் காவல்துறையில் குற்றவாளிகளின் மனப்போக்கை ஆராயும் பிரிவைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ஹார்ன். அவர் எடுத்துக்கொண்டது மருத்துவர்களும் தாவரவியலாளர்களும் எழுதிவைத்த கோப்புகளை. வேறெந்தப் பழைய வழக்கையும் போலவே இதையும் படித்து, 2016-இல் தன் கருத்தைச் சொன்னார்.

வலது கையில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஆழமான வெட்டு இருக்கிறது. ஆறத் தொடங்கிய வெட்டு. ஆகவே சாவுக்குச் சில நாள் முன்பு பட்டது. கத்தியைத் தடுக்கும் கையில் விழும் காயம் அது. அப்போது வேறு பெரிய காயம் எதுவும் படவில்லை என்பதால் அந்தச் சண்டையில் அவர் தோற்கவில்லை. பிறகு மலையேறுகிறார். ஓய்வாகச் சாப்பிடுகிறார், ஆபத்து வருவதாக நினைக்கவில்லை. அப்போது முதுகுப் பக்கமிருந்து, சுமார் 30 மீட்டர் தூரத்திலிருந்து அம்பு வருகிறது. எய்தவன் நேருக்கு நேர் நிற்க விரும்பவில்லை. விலைமதிப்பற்ற செம்புக் கோடரியை எடுக்கவில்லை. ஆகவே கொள்ளை இல்லை. எடுத்துப்போனால் ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தவன், மனதில் பகை வைத்திருந்தவன், முன்பு நடந்த சண்டையின் தொடர்ச்சியாகச் செய்த கொலை. ஹார்னின் வாசிப்பு இதுதான். குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு உண்டா என்று கேட்டவர்களுக்கு அவர் நம்பிக்கை கொடுக்கவில்லை.

தலையிலும் ஒரு பலமான அடி இருக்கிறது. விழுந்து பாறையில் பட்டதா, கீழே கிடந்தவரை வந்து அடித்ததா என்பதை இதுவரை யாரும் முடிவாகச் சொல்லவில்லை.

அந்தப் பாறைகளுக்கு நடுவே நிற்கும்போது அவரை வெறும் கொலையுண்டவராக மட்டும் நினைக்க முடியவில்லை. முப்பது ஆண்டு விசாரணை அவரை ஒரு முழு மனிதராக நமக்குக் கொடுத்திருக்கிறது. முழங்காலும் இடுப்பும் தேய்ந்து வலித்திருக்கும். உடம்பில் 61 பச்சைக் கோடுகள், பல வலி இருந்த மூட்டுகளை ஒட்டி, வைத்தியமாகக் குத்தியிருக்கலாம். குடலில் சாட்டைப்புழு முட்டை. வயிற்றில் இன்று நமக்கும் புண் உண்டாக்கும் அதே பாக்டீரியா. பால் ஒத்துக்கொள்ளாது. கிடைத்த ஒரு நகத்தில், கடைசி மாதங்களில் மூன்று முறை உடம்பு மோசமானதற்கான வரிப்பள்ளங்கள். 2023-இல் வெளியான மரபணு ஆய்வு, முன்னோர்கள் பெரும்பாலும் அனடோலியாவிலிருந்து வந்த உழவர்கள் என்றது. தோல் முன்பு நினைத்ததைவிடக் கறுப்பு. தலை வழுக்கை விழும் இயல்பு. அருங்காட்சியகத்தில் வைத்த உருவச்சிலையின் வெளிர்நிறமும் நீண்ட முடியும் இப்போது பொருந்தாமல் நிற்கின்றன. இவ்வளவு நோவோடும், கையில் ஆறாத வெட்டோடும், இந்த ஏற்றத்தை அவர் ஏறியிருக்கிறார். தேர்ந்த காலணியும் கைத்தடியும் வழிகாட்டியும் இருந்தே எனக்குக் கால் நடுங்கியது.

இந்த வழக்கில் வேலை செய்தவர்களை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. தண்டிக்க ஆள் இல்லை. நியாயம் கேட்டுக் காத்திருக்கும் உறவினரும் இல்லை. ஆனாலும் ஒருவர் மகரந்தத்தை எண்ணினார், ஒருவர் பாசியைப் பிரித்தார், ஒருவர் பழைய ஸ்கேன் படத்தைத் திரும்ப எடுத்து இரைப்பையைத் தேடினார். துளைப்பானால் இடுப்பைக் கிழித்த 1991-க்கும், சில மில்லிகிராம் மாதிரிக்காகப் பல துறையினர் நேரம் குறித்துக் காத்திருந்த 2010-க்கும் நடுவில் மனிதர்கள் ஒரு இறந்த உடம்பை மதிக்கக் கற்றுக்கொண்டதை நான் கண்ணால் பார்க்க முடிந்தது. அவரைச் சுற்றிக் கிளப்பிவிட்ட சாபக் கதைகளை, கண்டெடுத்தவர் இறந்தார், மருத்துவர் இறந்தார் என்கிற அந்தப் பட்டியலை, என்னால் சகிக்க முடியவில்லை. நூற்றுக்கணக்கானவர் வேலை செய்த இடத்தில் சிலர் இறப்பது இயற்கை. செத்தவர்மேல் கொலைப்பழி போடுவது அநியாயம்.

இறங்கும்போது வழிகாட்டியிடம் கேட்டேன், அம்பு முனையை ஏன் இன்னும் வெளியே எடுக்கவில்லை என்று. எடுக்க வேண்டுமானால் தோளை வெட்டித் திறக்க வேண்டும். படங்கள் சொல்லாத எதை அந்தக் கல் சொல்லிவிடப் போகிறது, அதற்காக அவரை இன்னொரு முறை காயப்படுத்துவதா என்றார். பிறகு கொஞ்சம் நடந்துவிட்டு, "முனையைவிடத் தண்டுதான் முக்கியம்" என்றார்.

முனை உள்ளே இருக்கிறது, தண்டு இல்லை. யாரோ பிடித்து இழுத்திருக்கிறார்கள். இழுத்த வேகத்தில் முனை மட்டும் உள்ளே தங்கிவிட்டது. அவரே பின்னால் கையை வளைத்து இழுத்திருக்க முடியாது. எகார்ட்டர் ஃபீகல் முன்வைத்த கருத்து ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் அம்பு செய்பவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கைவேலை இருந்தது. எந்த மரத்தைத் தேர்ந்து இழைத்தார், இறகை எப்படி வைத்துக் கட்டினார், பூர்ச்சப் பிசினை எங்கே தடவினார் என்பதைப் பார்த்தே இது இன்னார் அம்பு என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். கொன்றவன் 30 மீட்டர் தூரத்தையும் நடந்து வந்து, விழுந்து கிடந்தவர் பக்கத்தில் குனிந்து, தன்னைக் காட்டிக்கொடுக்கும் ஒரே பொருளை உருவிக்கொண்டு போயிருக்கிறான்.